தினமும் ஆஜர்: கேல் ரிப்கன் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் 'இனி யாராலும் முறியடிக்க முடியாத விளையாட்டுச் சாதனை எது?' என்ற கேள்விக்கு, பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் கேல் ரிப்கன் ஒரு நாள் விடாமல் தொடர்ந்து ஆடிய 2,632 பேஸ்பால் ஆட்டங்களைச் சொல்லி, இரண்டே வரியில் முடித்திருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும் இந்த வாரப் பகுதியை அவருக்கே ஒதுக்கிவிட்டேன். மேரிலாந்தில் வேலை பார்த்த காலத்தில், அவருடைய கடைசி சில சீசன்களைக் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தின் மேல்தட்டில் மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அதனால் பதில்களில் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும்.

அலஸ்டேர் குக் தொடர்ந்து 159 டெஸ்ட் ஆடினார், ஆலன் பார்டர் 153 ஆடினார். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு ஒரு அமெரிக்கரைத் தூக்கிப் பிடிக்கிறீர்களே?
— சேலம் வாசகர்

குக், பார்டர் இருவர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். குக்கின் 159 டெஸ்டுகளும் ஐந்து நாள் முழுக்க நடந்ததாக வைத்துக்கொண்டாலும் 795 நாள்தான், அதுவும் பன்னிரண்டு வருஷத்தில். பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். சுமார் ஆறு மாதத்துக்குள் அத்தனையையும் ஆடித் தீர்க்க வேண்டும். வாரத்துக்கு ஆறு ஆட்டம் சாதாரணம், சில வாரம் ஏழு. இரவு ஆட்டம் முடிந்ததும் விமானம் ஏறி, அடுத்த நாள் வேறொரு ஊரில் மறுபடி சீருடை மாட்ட வேண்டும். இப்படி 1982 மே 30 முதல் 1998 செப்டம்பர் 19 வரை, பதினாறு வருஷத்துக்கும் மேல், ஓரியோல்ஸ் ஆடிய எல்லா ஆட்டத்திலும் ரிப்கன் இருந்தார். அதற்கு முன்பிருந்த சாதனை, நியூயார்க் யாங்கீஸ் அணியின் லூ கெரிக் 1925 முதல் 1939 வரை ஆடிய 2,130 ஆட்டங்கள். அது ஐம்பத்தாறு வருஷம் அசையாமல் நின்றது.

ரிப்கனை 'இன்ஃபீல்டர்' என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் என்ன? தினமும் ஆடினார் என்பதைத் தவிர அவரிடம் என்ன விசேஷம்?
— காரைக்குடி வாசகி

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். 2,632 என்ற எண்ணைச் சொல்லிச் சொல்லியே அந்த மனிதர் எவ்வளவு நல்ல ஆட்டக்காரர் என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

பக்கத்துக்கு 90 அடி உள்ள ஒரு சதுரம். அதன் மூலைகள்தான் பேஸ்கள். அந்தச் சதுரத்தை ஒட்டி நின்று தடுக்கும் நால்வர்தான் முக்கியமான இன்ஃபீல்டர்கள். மூன்று பேருக்கு ஆளுக்கொரு பேஸ் உண்டு. நாலாவது ஆள் ஷார்ட்ஸ்டாப். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பார், அவருக்கென்று சொந்தமாக ஒரு பேஸ் கிடையாது. பேட்டர்களில் பெரும்பாலோர் வலது கை ஆட்டக்காரர்கள் என்பதால் பந்து அதிகம் போவது அவர் பக்கம்தான். தரையில் துள்ளி வரும் பந்தை ஓடிப்போய்க் குனிந்து கிளவுக்குள் வாங்கி, நிமிர்ந்து, குறுக்கே முதல் பேஸுக்கு எறிய வேண்டும். பேட்டர் அந்த 90 அடியை ஓடிக் கடக்க நாலு நொடி சொச்சம்தான் ஆகும். பந்து கையில் ஒருமுறை நழுவிப் பிடிபட்டால் போதும், அவர் பேஸைத் தொட்டுவிடுவார்.

அதனால் அந்தக் காலத்து ஷார்ட்ஸ்டாப்கள் குள்ளமாக, ஒல்லியாக, பாதரசம் போல ஓடுகிறவர்களாக இருந்தார்கள். பேட்டிங் சுமாராக இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ரிப்கனோ ஆறடி நாலங்குலம், எடை நூறு கிலோவுக்குப் பக்கம். மூன்றாவது பேஸில் நின்றுகொண்டிருந்தவரை 1982 ஜூலை 1 அன்று மேனேஜர் ஏர்ல் வீவர் ஷார்ட்ஸ்டாப்புக்கு மாற்றினார். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் எத்தனை நாள் தாங்குவார் என்று பலரும் நினைத்தார்கள். 1996 வரை தாங்கினார்.

ஓட்டத்தில் அவர் வேகம் சாதாரணம்தான். அதை ஈடுகட்டியது எங்கே நிற்பது என்கிற அறிவு. அந்தக் காலத்தில், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் விரலால் காட்டிய சைகை ஷார்ட்ஸ்டாப் நிற்கும் இடத்திலிருந்து தெரியும். அடுத்து வருவது வேகப் பந்தா, வளையும் பந்தா என்பது அவருக்குப் பேட்டருக்கு முன்பே தெரிந்துவிடும். இந்த பேட்டருக்கு இந்தப் பந்து போட்டால் எந்தப் பக்கம் அடிப்பான் என்று யோசித்து, பந்து போடும் பிட்சர் கையை உயர்த்துவதற்குள் ஓர் அடி, ஒன்றரை அடி நகர்ந்து நிற்பார். மூன்றாவது பேஸுக்கு அவர் திரும்பிய பிறகுதான் நான் நேரில் பார்த்தேன். அப்போதும் அதே பழக்கம்தான். மேல்தட்டிலிருந்து பார்த்தால், முழங்காலில் கையை ஊன்றியபடி அவர் இடதுபுறம் ஒரு எட்டு வைப்பது தெரியும். அடுத்த நொடி பந்து நேராக அவரிடமே வரும். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் 'சுலபமான கேட்ச்' என்று சொல்லிவிட்டுப் பாப்கார்னில் கை விடுவார்கள். பாய்ந்து விழுந்து பிடித்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள்.

1984-இல் அவர் எறிந்தோ தட்டிக்கொடுத்தோ ஆட்டமிழக்க உதவிய கணக்கு 583. இரண்டு மேல்மட்ட லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் எந்த ஷார்ட்ஸ்டாப்பும் ஒரு சீசனில் அவ்வளவு செய்ததில்லை. 1990-இல் முழு சீசனுக்கும் சேர்த்து மூன்றே மூன்று பிழைகள், நடுவில் 95 ஆட்டம் ஒரு பிழையும் இல்லாமல். அந்த வருஷம் சிறந்த ஷார்ட்ஸ்டாப்புக்கான கோல்ட் கிளவ் விருதை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? சிகாகோவின் ஓஸி கியனுக்கு! இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். அடுத்த இரண்டு வருஷம் ரிப்கனுக்குக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்.

பின்னால் வந்த டெரெக் ஜீட்டரும் அலெக்ஸ் ரோட்ரிகஸும் ஆறடி மூன்றங்குலம். உயரமான பையனை ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்தத் தயங்கிய காலம் ரிப்கனோடு மலையேறிவிட்டது.

பதினாறு வருஷத்தில் ஒரு காய்ச்சல், ஒரு சுளுக்குகூட வரவில்லையா? நம்பும்படி இல்லையே!
— தஞ்சாவூர் வாசகர்

வராமல் என்ன? 1985 ஏப்ரலில் இரண்டாவது பேஸ் பக்கத்தில் கணுக்கால் திரும்பி வீங்கிவிட்டது. நல்ல வேளையாக, அடுத்த நாள் கணக்கில் வராத ஒரு காட்சி ஆட்டம் மட்டும்தான். அதில் உட்கார்ந்துகொண்டு, மறுநாள் கட்டுப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

சாதனை உண்மையிலேயே போயே போச்சு என்ற கட்டம் 1993 ஜூனில் வந்தது. சியாட்டில் அணியுடன் மைதானத்திலேயே கைகலப்பு. இரு அணியும் மொத்தமாக உள்ளே குதித்த நெரிசலில் அவருடைய முழங்கால் முறுக்கிக்கொண்டது. மறுநாள் காலை எழுந்தால் காலை ஊன்ற முடியவில்லை. இன்றைக்கு ஆட முடியாது போலிருக்கிறது என்று பெற்றோருக்குத் தகவல் சொல்லும் அளவுக்கு நிலைமை. நாள் முழுக்க வைத்தியம் பார்த்து, மாலையில் ஆடினார்.

1996 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் (இரண்டு லீகுகளின் நட்சத்திரங்களும் மோதும் வருடாந்தர ஆட்டம்) நடந்தது தமாஷ். அணியோடு நின்று போட்டோ எடுத்து முடித்தபோது, பின்வரிசையில் நின்ற பிட்சர் ராபர்ட்டோ ஹெர்னாண்டஸ் தடுமாறி, அவர் கை வீசியதில் ரிப்கனின் மூக்கு உடைந்தது. எந்த ஆட்டத்திலும் உடையாத எலும்பு, போட்டோவுக்கு நின்றபோது உடைந்தது. உள்ளே போய் மூக்கை நிமிர்த்திவிட்டுக்கொண்டு வந்து அன்றே ஆடினார். 1997-இல் முதுகுத் தண்டில் வட்டு பிதுங்கிய வலி. அதோடும் ஆடினார். இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை.

பேட்டிங் மோசமாக இருந்த வருஷங்களிலும் ஓய்வெடுக்காமல் ஆடினாராமே. அது சுயநலம் இல்லையா? அணியைவிடச் சாதனை பெரிதாகிவிட்டதா?
— ஜெர்சி சிட்டி வாசகர்

பால்டிமோர் பத்திரிகைகளிலேயே இந்த வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. 1990-இல் அவர் சராசரி .250 (நாலு முறைக்கு ஒரு முறை பேஸை எட்டும் அடி என்று அர்த்தம்), 1992-இல் .251. அவர் தரத்துக்கு இது குறைவுதான். நாலு நாள் உட்கார வைத்திருந்தால் கை சுறுசுறுப்பாகியிருக்குமோ என்று கேட்பது நியாயம். ஆனால் நடுவில் வந்த 1991-ஐ என்ன செய்வது? அந்த வருஷமும் ஒரு நாள் ஓய்வில்லை. சராசரி .323, ஹோம் ரன் (எல்லைக்கு வெளியே பறந்த அடி) 34, ஓட்டம் சேர்த்தது 114, லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது, ஆல் ஸ்டார் ஆட்டத்தின் விருது, கோல்ட் கிளவ் எல்லாம் ஒரே மூட்டையில் வந்தன. ஓய்வில்லாததால்தான் அடிக்கவில்லை என்று சொல்கிறவர்கள் அந்த வருஷத்தைத் தாண்டிக் குதித்துத்தான் போக வேண்டும்.

இன்னொன்று. சாதனைக்காக ஆடுகிறவர் தலையைக் காட்டிவிட்டு வெளியே போயிருக்கலாம். வழக்கமாக முதல் பேஸில் நிற்கும் கெரிக்கே அப்படிச் செய்ததுண்டு. 1934-இல் முதுகு பிடித்துக்கொண்ட ஒரு நாள், அவர் பெயரை முதல் பேட்டராகவும் ஷார்ட்ஸ்டாப்பாகவும் எழுதிக்கொடுத்தார்கள். ஓர் அடி அடித்து முதல் பேஸை எட்டியதும் வெளியே கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர் ஷார்ட்ஸ்டாப்பில் நிற்கவே இல்லை. ரிப்கனோ 1982 ஜூன் முதல் 1987 செப்டம்பர் வரை ஓர் இன்னிங்ஸைக்கூட (ஆட்டத்துக்குச் சாதாரணமாக ஒன்பது) விட்டதில்லை. 8,243 இன்னிங்ஸ் தொடர்ச்சி அது. என்னைக் கேட்டால் 2,632-ஐவிட இதுதான் பைத்தியக்காரத்தனமான எண். அதை முடித்துவைத்தவர் அவருடைய சொந்த அப்பா. டொராண்டோவில் எதிரணி பத்து ஹோம் ரன் அடித்து 18-3 என்று நொறுக்கிக்கொண்டிருந்த இரவில், மேனேஜராக இருந்த அப்பா மகனை உட்காரச் சொல்லிவிட்டார்.

அப்பாவே மேனேஜர் என்கிறீர்கள். அப்புறம் ஏன் தினமும் இடம் கிடைக்காது?
— திருநெல்வேலி வாசகர்

கிண்டல் புரிகிறது. ஆனால் தேதி உங்கள் பக்கம் இல்லை. அப்பா மேனேஜரானது 1987-இல். அதற்குள் மகன் சிறந்த புதுமுகம் விருது, 1983-இல் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது, சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் கோப்பை மூன்றையும் வாங்கியாகிவிட்டது. பிலடெல்பியாவை வென்ற அந்தத் தொடரின் கடைசிப் பந்தைப் பிடித்ததும் அவர்தான்.

அப்பா பெயரும் கேல் ரிப்கன்தான். பெரிய ரிப்கன் மேல்மட்ட லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். ஓரியோல்ஸுக்கு ஆட்களைத் தயார் செய்யும் கீழ்மட்டச் சிற்றணிகளில் கேட்சராக இருந்து, கோச்சாகி, பஸ்ஸிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். ஓரியோல்ஸில் மொத்தம் 36 வருஷம். 'பயிற்சி முக்கியமில்லை, சரியான பயிற்சிதான் முக்கியம்' என்பது அவர் ஓயாமல் சொன்ன பாடம். மேரிலாந்தில் அபர்டீன் என்ற சிறிய ஊரில் வீடு. மகன் பல இடங்களில் சொல்லியிருக்கும் ஒரு சம்பவம் உண்டு. பனிக்காலத்தில் டிராக்டரை வைத்துத் தெருப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த அப்பாவின் நெற்றியில், இன்ஜினைக் கிளப்பும் கைப்பிடி திரும்பி அடித்துவிட்டது. ரத்தம் கொட்டுகிறது. பையன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறான். அவரோ வீட்டுக்குப் போய் ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்து மிச்சப் பனியையும் தள்ளி முடித்தார். மகன் முழங்கால் வலியோடு ஏன் ஆடினார் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இந்த அப்பாவையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

1987 ஜூலையில் தம்பி பில்லியும் இரண்டாவது பேஸுக்கு வந்து சேர்ந்தார். ஒரே சமயத்தில் இரண்டு மகன்களுக்கு மேனேஜராக இருந்த முதல் ஆள் பெரிய ரிப்கன்தான். ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை. 1988 சீசனின் முதல் ஆறு ஆட்டமும் தோல்வி என்றதும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறே ஆட்டம்! அடுத்து வந்த ஃபிராங்க் ராபின்சனாலும் ஒன்றும் நடக்கவில்லை. தொடர்ந்து 21 தோல்வி கண்ட பிறகுதான் அணி முதல் வெற்றியைப் பார்த்தது. அப்பாவை நீக்கிய அதே நிர்வாகத்துக்கு மகன்கள் இருவரும் மறுநாளும் போய் ஆடினார்கள். சின்ன ரிப்கன் அணியை விட்டுப் போய்விடுவார் என்று ஊரே பேசியது. போகவில்லை, அந்தக் கோடையிலேயே புதிய ஒப்பந்தம் போட்டார். பில்லியைப் பிற்பாடு அணி விடுவித்தது. கேல் மட்டும் 21 சீசனும் ஒரே அணி.

கெரிக்கின் சாதனையை முறியடித்த இரவைப் பற்றிச் சொல்லுங்கள்.
— கோவை வாசகி

1995 செப்டம்பர் 6. அதற்கு முந்தின வருஷம் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே ரத்தாகி, ஜனங்கள் பேஸ்பால் மீது வெறுத்துப்போயிருந்த நேரம். வலதுபுற எல்லைக்குப் பின்னால் இருக்கும் பழைய செங்கல் கிடங்கின் சுவரில் பெரிய எண்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆட்டம் சட்டப்படி கணக்கில் சேருவது ஐந்தாவது இன்னிங்ஸின் பாதியில்தான். அந்த நொடியில் 2130-இன் கடைசி எண் மாறி 2131 ஆனது. நாலாவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன் வேறு அடித்திருந்தார்.

கைதட்டல் நிற்கவில்லை. வெளியே வந்து தலையசைத்துவிட்டு உள்ளே போனார், மறுபடி வந்தார், மறுபடி போனார். கடைசியில் பாபி பொனியாவும் ரஃபேல் பால்மேரோவும் அவரைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். அவர் மைதானத்தின் விளிம்போடு சுற்றி, வேலிக்கு மேல் நீண்ட கைகளையெல்லாம் பிடித்துக்கொண்டே ஓடினார். காவலர், பந்து பொறுக்கும் பையன், எதிரணி கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் என்று யாரையும் விடவில்லை. ஆட்டம் 22 நிமிஷம் நின்றது. தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் அவ்வளவு நேரமும் வாயைத் திறக்காமல் இருந்தது பெரிய புண்ணியம். நம்மூரில் நடக்குமா? ஜனாதிபதி கிளிண்டனும், கெரிக்கோடு ஆடிய ஜோ டிமாஜியோவும் வந்திருந்தார்கள். மேலே கண்ணாடி அறையில் அப்பா நின்றிருந்தார். 1988-க்குப் பிறகு அப்பாவும் மகனும் என்ன பேசிக்கொண்டார்களோ, அன்று மேலும் கீழுமாகக் கையசைத்துக்கொண்டது கேமராவில் பதிந்தது.

ஜப்பானில் ஒருவர் இதுபோல ஆடியதாகக் கேள்வி. உண்மையா?
— சிங்கப்பூர் வாசகர்

உண்மைதான். ஹிரோஷிமா கார்ப் அணியின் மூன்றாவது பேஸ்மேன் சச்சியோ கினுகாசா, 1970 முதல் 1987 வரை தொடர்ந்து 2,215 ஆட்டம். அவரும் இன்ஃபீல்டர்தான். 1979-இல் பந்து பட்டுத் தோள்பட்டை எலும்பு விரிந்தது. மறுநாள் மாற்று பேட்டராக வந்து மூன்று முறை முழு வேகத்தில் மட்டையை வீசினார். மூன்றும் காற்றில். கெரிக்கை முந்திய பிறகும் ரிப்கனுக்கு மேலே இவர் ஒருவர் இருந்தார். 1996 ஜூனில் கான்சாஸ் சிட்டியில் ரிப்கன் அதையும் கடந்தபோது, பார்வையாளர் வரிசையில் கினுகாசாவே உட்கார்ந்து கைதட்டினார்.

மிக நீண்ட பேஸ்பால் ஆட்டம் எது? (ரிப்கன் பற்றி இல்லாவிட்டாலும் பதில் சொல்லவும்.)
— விருதுநகர் வாசகர்

ரிப்கன் பற்றித்தான்! 1981 ஏப்ரலில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாடக்கெட் ஊரில் நடந்த சிற்றணி ஆட்டம். விடியற்காலை 4.07 மணிக்கு, 32 இன்னிங்ஸ் முடிந்து 2-2 சமநிலையில் நிறுத்தினார்கள். குளிரில் அப்போது மிச்சமிருந்த பார்வையாளர்கள் 19 பேர். ஜூனில் மீதியைத் தொடங்கினால் பதினெட்டே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பாடக்கெட் 3-2. தோற்ற ராச்செஸ்டர் அணியின் மூன்றாவது பேஸில் முழு ஆட்டமும் நின்ற இருபது வயதுப் பையன் கேல் ரிப்கன். எதிரணியின் மூன்றாவது பேஸில் வேட் பாக்ஸ். இருவருமே பிற்பாடு புகழ் மண்டபத்துக்குப் போனார்கள்.

ஒரு நாள் திடீரென்று ஏன் நிறுத்தினார்?
— புதுச்சேரி வாசகி

1998 செப்டம்பர் 20, உள்ளூரில் அந்த சீசனின் கடைசி ஆட்டம். எதிரணி யாங்கீஸ். ஆட்டம் தொடங்கச் சிறிது நேரம் இருக்கும்போது மேனேஜர் ரே மில்லரிடம் போய், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காயம் இல்லை, சண்டை இல்லை. ஒவ்வொரு நாளும் இது பற்றியே கேள்வி வந்ததில் அவருக்கே அலுத்துவிட்டது. ரயன் மைனர் என்ற புதுப் பையனை மூன்றாவது பேஸுக்கு அனுப்பினார்கள். முதல் பேட்டர் ஆட்டமிழந்ததும் விஷயம் புரிந்து, யாங்கீஸ் ஆட்டக்காரர்கள் எல்லோரும் படியேறி நின்று கைதட்டினார்கள். ரிப்கன் மரியாதைக்கு வெளியே வந்து கையசைத்தார். அதன் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் பிட்சர்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவருடைய ஆட்டங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது?
— மதுரை வாசகர்

2001 ஜூலையில் சியாட்டிலில் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டம். ஓய்வை அறிவித்துவிட்டார். வயது நாற்பது, மூன்றாவது பேஸுக்குத் தேர்வு. முதல் இன்னிங்ஸ் தொடங்கும்போது ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் ரோட்ரிகஸ் அவரிடம் வந்து, 'நீங்கள் என் இடத்துக்குப் போங்கள்' என்று தள்ளினார். வேண்டாம் என்று ரிப்கன் தலையாட்டிப் பார்த்தார், மேனேஜர் ஜோ டோரி கையைக் காட்டி அனுப்பினார். ரோட்ரிகஸ் பெயர் பிற்பாடு ஊக்கமருந்து விவகாரத்தில் கெட்டது தெரியும். ஆனாலும் அன்று அவர் செய்தது பெரிய காரியம். மூன்றாவது இன்னிங்ஸில் சான் ஹோ பார்க் போட்ட முதல் பந்தையே ரிப்கன் எல்லைக்கு வெளியே அனுப்பினார். ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

ரிப்கனின் கையில் கெட்ட சாதனை ஏதாவது உண்டா?
— நாகர்கோவில் வாசகர்

உண்டே. 3,184 அடி, 431 ஹோம் ரன் கணக்குக்கு நடுவில், ஒரே அடியில் இரண்டு பேரை ஆட்டமிழக்க வைத்த தரைப்பந்துகள் 350. அவர் ஓய்வுபெற்றபோது அமெரிக்க மேல்மட்ட லீகுகளிலேயே அதிகம். 2017-இல்தான் ஆல்பர்ட் புஹோல்ஸ் வந்து அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டார்.